பட்டா யார் பேர்ல?

கஜா புயல் அடித்து ஓய்ந்து பத்து நாள் இருக்கும். 2018 நவம்பர் கடைசி. திருத்துறைப்பூண்டியிலிருந்து எங்கள் கிராமத்துக்குப் போகிற பஸ் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. தெரிந்த பையன் ஒருவனின் மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் தொற்றிக்கொண்டு, ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்த மரங்களுக்கும் மின்கம்பங்களுக்கும் தலைகுனிந்து மரியாதை செய்தபடியே ஊர் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் அத்தை இல்லை. தோப்பில் இருந்தாள். தோப்பு என்று சொல்வதே அன்றைக்குத் தப்பு. எல்லா மரமும் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. நடுவில் வி.ஏ.ஓ. ஸார், கையில் நோட்டு, காதில் பேனா. அவருக்குப் பாவம், பத்து நாளாகத் தூக்கம் இல்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"பட்டா யார் பேர்லம்மா?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை கையிலிருந்த அரிவாளாலேயே என்னைச் சுட்டிக் காட்டினாள். "இதோ நிக்கிறான்ல, இவன் பேர்ல."

"ஸாருக்கு எந்த ஊரு?"

"மெட்ராஸ்" என்றேன்.

"மொத்தம் எத்தனை மரம் ஸார்? விழுந்தது எத்தனை?"

'ஙே' என்று விழித்தேன். எனக்கு எப்படித் தெரியும்? அத்தைதான் சொன்னாள்: "மொத்தம் அம்பத்திரண்டு. விழுந்தது நாப்பது. நாலு சாஞ்சு நிக்குது, பொழைச்சுக்கும். பாக்கி எட்டு தப்பிச்சுது."

வி.ஏ.ஓ. அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதியது அத்தை சொன்ன கணக்கு. மேலே போட்ட பெயர் என் பெயர். பாங்க் நம்பரும் என்னுடையதே. விழுந்த தென்னைக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. நாற்பது மரத்துக்கு 44,000. பிற்பாடு அது மெட்ராஸில் என் கணக்கில் வந்து விழுந்தது.

அந்த மரங்களில் ஒன்றுக்குக்கூட நான் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. இளநீர் குடித்திருக்கிறேன். அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு நிலம் ஆறு மா. (மெட்ராஸ்காரர்களுக்காக: மூன்று மா ஒரு ஏக்கர். எங்கள் பக்கம் இன்னும் மாவும் வேலியும்தான் புழக்கம். ஏக்கர் என்பதெல்லாம் பத்திரத்தில் வரும் பாஷை.) அதோடு இந்தத் தோப்பு. அத்தை 1979-ல், இருபத்தொன்பது வயதில், கணவரைப் பறிகொடுத்து ஒரு பெண் குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அப்பாவுக்குத் திருச்சியில் வாத்தியார் வேலை. தாத்தா 1984-ல் போனதும் நிலத்தை யார் பார்ப்பது என்ற கேள்வியே எழவில்லை. அத்தைதான் பார்த்தாள். விதை விடுவது முதல் களத்தில் நெல் தூற்றுவது வரை அவள். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, வரப்பில் வேட்டி நனையாமல் நின்று, "பயிர் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு மூட்டையோடு போவது அப்பா. அப்பாவுக்குப் பிறகு நான். நான் வேட்டிகூடக் கட்டுவதில்லை.

'விவசாயி' என்று சொன்னதும் உங்கள் மனசில் என்ன படம் வருகிறது, சொல்லுங்கள் பார்ப்போம். தலைப்பாகை, முறுக்கு மீசை, தோளில் கலப்பை. உர மூட்டையிலிருந்து டிராக்டர் விளம்பரம் வரை அந்த மீசைக்காரர்தான். அந்தச் சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. நாம்தான் மீசை ஒட்ட வைத்தோம். நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது, அறுப்பது என்று முதுகு வளைகிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், தன் பொறுப்பில் நிலம் வைத்திருப்பவர் என்று பதிவானவர்களில் பெண்கள் நாடு முழுக்க நூற்றுக்குப் பதினான்கு பேர்தான்.

இது வெறும் கௌரவப் பிரச்னை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் எங்கே இருந்தால் என்ன, அத்தைக்குச் சோற்றுக்குப் பஞ்சம் இல்லையே என்று! ஆனால் பட்டாவில் பெயர் இல்லாதவருக்குக் கூட்டுறவு பாங்கில் பயிர்க்கடன் வாங்குவது சுலபமில்லை. பயிர் இன்ஷூரன்ஸுக்கும் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் நிவாரணம் நிலத்துக்காரர் பேரில். 2019-ல் மத்திய அரசு வருஷம் 6,000 ரூபாய் கொடுக்கும் பி.எம். கிஸான் திட்டத்தைக் கொண்டு வந்தது. நிலம் என் பேரில், ஆனால் நான் வருமான வரி கட்டுகிறவன் என்பதால் எனக்குக் கிடையாது. அத்தை வரி கட்டவில்லை, ஆனால் அவள் பேரில் நிலம் இல்லை. அவளுக்கும் கிடையாது. எங்கள் ஆறு மாவுக்கு விவசாயியே இல்லை என்று ஆகிவிட்டது. பயிர் மட்டும் எப்படியோ தானே விளைந்துகொண்டிருந்தது!

*

அத்தை இயற்கை விவசாயத்துக்குத் தாவிய கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தஞ்சை ஜில்லாவில்தான் 1960-களில் 'பேக்கேஜ் திட்டம்' என்று ஒன்று வந்து, ரசாயன உரமும் ஒட்டு ரகமும் முதலில் கால் வைத்தன. ஆடுதுறை 27-ஐ ரேடியோவில் கேட்டுக் கேட்டுப் பயிர் வைத்ததால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர். தாத்தா அதை நட்டுவிட்டு மீசையை முறுக்கினாராம். விளைச்சல் எகிறியது உண்மை. பசி தீர்ந்ததும் உண்மை. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் முப்பது வருஷத்தில் அதே விளைச்சலுக்கு யூரியா ஒரு மடங்கிலிருந்து இரண்டு மடங்கு ஆயிற்று, பூச்சி மருந்து ஒன்றிலிருந்து நாலு ஆயிற்று. கடைமடை வேறு. தண்ணீர் கடைசியில் வரும், சீக்கிரம் நின்றுவிடும். வயலில் கால் வைத்தால் மண் சிமெண்டு மாதிரி இருக்கிறது என்று அத்தை புலம்புவாள். நண்டையும் நத்தையையும் காணோம்.

பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்திக்கொண்டிருந்தார். பாரம்பரிய ரகங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர். நூற்றெழுபது ரகத்துக்குப் பக்கம் மீட்டிருக்கிறார். அங்கே ஒரு சட்டம்: இரண்டு கிலோ விதை இலவசமாக எடுத்துக்கொண்டு போகலாம், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நம்மாழ்வார் அய்யாவும் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த காலம். இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு வந்தவர். சுனாமி வந்து நாகப்பட்டினம் வயல்களில் உப்பு ஏறியபோது, தழையும் மட்கும் போட்டே அந்த மண்ணைத் திருப்பிக்கொண்டு வரப் பாடுபட்டவர்.

2009-ல் அத்தை போய் இரண்டு கிலோ காட்டுயானம் வாங்கி வந்தாள். யானை உள்ளே நின்றால்கூடத் தெரியாது, அவ்வளவு உயரம் வளரும் என்பார்கள். தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். முதலில் ஒரு மா. தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கிற சமயம் மடக்கி உழுதாள். ஒரே ஒரு நாட்டுப் பசு, அதன் சாணமும் கோமியமும் வெல்லமும் போட்டு ஜீவாமிர்தம். அப்புறம் பஞ்சகவ்யம்.

இந்தப் பஞ்சகவ்யத்தோடு எனக்கு ஒரு பகை உண்டு. சாணம், கோமியம், பால், தயிர், நெய் இதெல்லாம் போட்டு, வாழைப்பழம், வெல்லம், இளநீர் கலந்து புளிக்க வைப்பது. பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி ஊற்றித் தெளித்தால் பயிர் கரும்பச்சை கட்டும். "மாடியில ரோஜாச் செடி வெச்சிருக்கியே, அதுக்கு ஊத்து" என்று அத்தை ஒரு பெரிய கூல்டிரிங்க் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தாள். அது உள்ளே பொங்கிக்கொண்டே இருக்கும், மூடியை இறுக்கக் கூடாது என்ற விஷயத்தை மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். விழுப்புரம் தாண்டி ராத்திரி ஒரு மணிக்கு, பஸ்ஸின் மேல்தட்டில் 'டப்'பென்று ஒரு சத்தம். முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு அபிஷேகம்! கல்யாணம் ஆகி மூணாம் நாளாம். மீதிப் பயணத்தை டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே முடித்தேன். உட்கார யாரும் இடம் தரவில்லை.

முதல் வருஷம் அந்த ஒரு மாவில் அடி. யூரியா போட்டு ஒன்பது மூட்டை கண்ட இடத்தில் ஐந்துதான் தேறியது. திருச்சியிலிருந்து அப்பா டெலிபோனில் குதித்தார். "உனக்கென்ன பைத்தியமா? யாரைக் கேட்டு இதெல்லாம் பண்றே?"

அத்தை ரிசீவரை வைத்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. "மண்ணு திரும்ப மூணு வருஷம் ஆகும்ங்கிறாங்க. எனக்கு மூணு வருஷம் குடுப்பாங்களான்னு தெரியலையே."

இந்த விவசாயத்தின் முழுச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது என்று எனக்கு இப்போது படுகிறது. யூரியா வேலை செய்வது பத்து நாளில். போட்டவர் கண்ணாலேயே பச்சையைப் பார்த்துவிடலாம். குத்தகை நிலமோ அண்ணன் நிலமோ, அடுத்த போகம் நம்மிடம் இருக்குமா இருக்காதா என்று தெரியாதவர் அதைத்தான் போடுவார், வேறென்ன செய்வார்? மட்கும் மண்புழுவும் அப்படி அவசரத்துக்கு வராது. பசுந்தாள் மடக்கி, வரப்பில் உளுந்து போட்டு, விதையை எடுத்து வைத்து, ஓரத்தில் கிளுவையும் முருங்கையும் வைக்கிறவருக்கு அதே நிலத்தில் ஐந்தாம் வருஷமும் தான்தான் நிற்போம் என்று தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரியாத பெண்ணிடம் போய் 'இயற்கைக்குத் திரும்பு' என்று மைக் பிடிப்பதில் என்ன நியாயம்?

எங்கள் விஷயத்தில் அப்பா அரை மனசாக விட்டுக்கொடுத்தார். மூன்றாம் வருஷம் ஏழு மூட்டை வந்தது. செலவு பாதிக்கும் கீழே. நத்தை வந்தது, கொக்கு வந்தது. அரிசியை மெட்ராஸ் ஆசாமிகள் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். மெல்ல மெல்ல ஆறு மாவும் அத்தை வழிக்கு வந்தது. இயற்கை விளைச்சல் என்று சான்றிதழ் வாங்கலாம் என்று ஒரு தடவை முயன்றாள். நிலத்துக்கு ஆவணம் கேட்டார்கள். பட்டா யார் பேர்ல? பழைய பல்லவி! விண்ணப்பத்தில் 'விவசாயி' என்ற இடத்தில் அப்பா பெயரைப் போட்டார்கள். அப்பா கத்தரிச் செடிக்கும் மிளகாய்ச் செடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கொஞ்சம் யோசிப்பார்.

*

கஜாவுக்கு அப்புறம் அந்த 44,000 ரூபாயை அத்தையிடம் கொடுக்க ஊருக்குப் போனேன். (உண்மையைச் சொன்னால், இரண்டு மாசம் அது என் கணக்கிலேயே இருந்தது. வீட்டுக் கடன் தவணை ஒன்று அதிலிருந்து போயிற்று. அப்புறம் ஈடுகட்டிவிட்டேன்.) "திரும்பக் கன்னு வெச்சிரலாம் அத்தே" என்றேன்.

"யார் பேர்ல வெக்கிறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். "தென்னை காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும்டா தம்பி. எனக்கு அறுபத்தெட்டு வயசு. நாளைக்கு நீ ப்ளாட் போட்டு வித்துட்டா, நான் தண்ணி ஊத்துனது யாருக்கு?"

களத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் சிரித்தார். முப்பது வருஷமாக எங்கள் வயலில் நடவுக்கு வருகிறவர். சேரித் தெருவில் வீடு. "எங்கிட்ட ஒரு ஏக்கர் பட்டா இருக்கு. ஆச்சிகிட்ட ஒரு குழிகூட இல்ல. காலத்தப் பாருங்க தம்பி!" என்றார். கேலிதான். ஆனால் அது உண்மை. எங்கள் வயலில் கூலிக்கு வருகிறவர் நில உடைமைக்காரர். நிலத்துக்காரர் வீட்டுப் பெண் ஒன்றும் இல்லாதவள்.

அந்த ஒரு ஏக்கர் வந்த வழி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் போட்டது. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட தகராறில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து போனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்தி கேட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் கணவர் ஜெகந்நாதனும். இருவரும் வினோபாவின் பூதான இயக்கத்தில் நடையாய் நடந்தவர்கள். நிலம் இல்லாததுதான் அந்தத் தீக்கு விறகு என்று அவர்களுக்குப் பட்டது. 1981-ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வழி ரொம்ப நேரானது. நிலத்தை விற்க நினைக்கிற மிராசுதாரையும் நிலமில்லாத கூலிக்காரரையும் ஒரே பாயில் உட்கார வைத்து நியாய விலை பேசுவது. பாங்கில் கடன் வாங்கிக் கொடுப்பது. விளைச்சலில் அடைப்பது. ஆரம்பத்தில் பாங்க்குகள் கையை விரித்தன, பத்திரச் செலவு விழி பிதுங்க வைத்தது. அந்த அம்மாள் விடவில்லை. சுமார் 13,000 குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது. பத்திரம் பெண் பெயரில். 2008-ல் 'மாற்று நோபல்' என்கிறார்களே, அந்த ரைட் லைவ்லிஹுட் விருது தம்பதிக்கு வந்தது.

ஏன் பெண் பெயரில்? இதற்கு எங்கள் நடவு அம்மாளிடம் விளக்கம் இருந்தது. "அவரு பேர்ல இருந்திருந்தா, என்னிக்கோ சாராயக் கடையில குடுத்திருப்பாரு தம்பி. ரெண்டு தடவ கேட்டாரு. நாந்தான் கைநாட்டு வெக்க மாட்டேன்னுட்டேன். அடிச்சாரு. அப்பவும் வெக்கல." முறுக்கை முடித்துக் கையைத் தட்டிக்கொண்டார். "அந்த ஒரு ஏக்கர்லதான் ரெண்டு புள்ளையும் படிச்சுது."

இது நம் ஊரோடு நிற்கிற சமாசாரமும் இல்லை. ஆந்திரப் பக்கம், இப்போது தெலங்கானாவில் இருக்கும் ஜஹீராபாத் வட்டாரத்தில், டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் சங்கங்களில் சேர்ந்த தலித் பெண்கள் தரிசையும் குத்தகை நிலத்தையும் கூட்டாக எடுத்துச் சோளம், கம்பு, திணை, துவரை என்று ஒரே காட்டில் கலந்து போட்டார்கள். விதையைச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து மண் குதிருக்குள் சேமித்தார்கள். 2019-ல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசு அவர்களைத் தேடி வந்தது. ஆந்திர அரசு நடத்தும் இயற்கை விவசாயத் திட்டமும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தோளில்தான் ஓடுகிறது. உலக உணவு நிறுவனம் 2011-ல் ஒரு கணக்குச் சொன்னது: ஆண்களுக்குக் கிடைக்கிற நிலம், கடன், இடுபொருள் எல்லாம் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்கள் வயலில் விளைச்சல் 20 முதல் 30 சதவிகிதம் கூடும், உலகத்தில் பட்டினி கிடப்பவர்களில் பத்துக் கோடிப் பேராவது குறைவார்கள் என்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ராஜ்யசபா உறுப்பினராக இருந்தபோது, பெண் விவசாயிகளுக்கு விவசாயி என்று சான்று தர ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அது நிறைவேறாமலே காலாவதி ஆயிற்று. டெல்லியிலும் பட்டா யார் பேரில் என்ற சந்தேகமோ என்னவோ!

*

2020 ஆகஸ்டு. கொரோனாவில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரம். மகளுக்கும் மகனைப்போலவே பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே உரிமை, 2005 திருத்தச் சட்டம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்கிற அவசியம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன செய்தியைப் பேப்பரில் படித்தேன். சும்மா இருக்க முடியாமல் பள்ளித்தோழனான வக்கீலுக்குப் போன் போட்டு எங்கள் ஆறு மா கதையை அவிழ்த்தேன்.

அவன் ஒவ்வொரு தேதியாகக் கேட்டான். அத்தைக்குக் கல்யாணம் எப்போ? 1970. "அட பாவமே! தமிழ்நாட்டுல 1989-லயே பொண்ணுங்களுக்குச் சம உரிமைன்னு சட்டம் வந்துது. நாட்டுக்கே முன்னோடிகள்ல ஒண்ணு. ஆனா 1989 மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குப் பொருந்தாதுன்னு ஒரு வரி போட்டாங்க. உங்க அத்தை அந்த வரியில மாட்டிக்கிட்டாங்க" என்றான். "ஆனா அது வர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்கு ஒரு பங்கு இருந்துச்சே. தாத்தா 1984-ல போனாரு, பாட்டி அதுக்கும் முன்னாடி. பாதி உங்க அப்பாவுது, பாதி தாத்தாவுது. தாத்தாவோட பாதியில மகனுக்கும் மகளுக்கும் சமம். கால் பங்குப்பா! ஆறு மாவுல ஒன்றரை மா அன்னிக்கே அத்தையோடது. அது எங்கே போச்சு?"

எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். 1985-ல் அடுக்களையில் நின்ற அத்தையை அப்பா கூடத்துக்குக் கூப்பிட்டது லேசாக ஞாபகம் இருக்கிறது. கையில் ஒட்டியிருந்த அரிசி மாவைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் ஒரு மாட்டு வண்டி, ரிஜிஸ்தர் ஆபீஸ், 'விடுதலைப் பத்திரம்'. திரும்பி வரும்போது எனக்குப் பொரிகடலை வாங்கி வந்தார்கள். அத்தைக்கு ஒரு நூல் புடவை.

"சரி, உன் தங்கச்சிக்குக் கல்யாணம் எப்போ?" வக்கீல் விடவில்லை.

"1991."

"அப்ப அவ சட்டத்துக்கு இந்தப் பக்கம். உனக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவு. அவ பங்கு?"

அதுவும் எனக்குத் தெரியும். அப்பா 2014-ல் காலமானதும், அடுத்த வருஷம் தங்கையைக் கூப்பிட்டு நானும் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கியிருந்தேன். மாட்டு வண்டிக்குப் பதில் டாக்ஸி. புடவை மட்டும் பட்டு.

ராத்திரி இதை என் மனைவியிடம் சொன்னபோது, அவள் சப்பாத்தி மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "கையெழுத்துப் போடறப்போ அவ படிச்சாளா?" என்றாள்.

"இல்லை. அண்ணன் சொன்னா சரின்னா."

"நானும் எங்கப்பா வீட்டுல படிக்கலை" என்று சொல்லிவிட்டு மாவை இரண்டு குத்துக் கூடுதலாகக் குத்தினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சப்பாத்தி தொண்டையில் இறங்கவில்லை. பெருந்தன்மை என்றெல்லாம் யாரும் நினைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு குத்துத்தான் காரணம்.

சொந்தக்காரர்களைக் கேட்கவா வேண்டும்! "கிழவிக்கு எதுக்கு இந்த வயசுல சொத்து? அவளுக்கப்புறம் அவ மக வீட்டுக்குப் போயிடும், நம்ம நிலம் வேத்து மனுஷாளுக்குப் போறதா?" என்று சித்தப்பா முறை ஒருவர் துடித்தார். அத்தை மகள் எப்படி வேற்று மனுஷி ஆனாள் என்று கேட்டேன். பதில் இல்லை, காப்பி ஆறிப்போச்சு என்றார். தங்கைக்குச் சொன்னபோது அவள் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அண்ணே, அந்தப் பட்டுப் புடவையைத் திருப்பித் தரணுமா?" என்று சிரித்தாள். சிரிப்பு முழுசாக இல்லை.

2021 தொடக்கத்தில் சார் பதிவாளர் அலுவலகம் போனோம். தோப்பும் மூன்று மாவும் அத்தை பெயரில் செட்டில்மெண்ட். மிச்ச மூன்று மா எனக்கும் தங்கைக்கும் சேர்த்து. காமிராவுக்கு முன்னால் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள், முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள். விரல் ரேகை மெஷினில் அத்தை கட்டை விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை. எரியவில்லை. அந்தப் பையன் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னான். ஐம்பது வருஷ நாற்றுப் பறிப்பில் ரேகை தேய்ந்து போயிருந்தது. ஐந்தாவது தடவை நடு விரல் கொடுத்துத்தான் மெஷின் ஒப்புக்கொண்டது.

பட்டா மாற சர்வேயர் வந்து உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தது. அது ஒரு ஆறு மாசம். அவரைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும், விடுங்கள். பி.எம். கிஸானுக்கு இனியாவது எழுதிப் போடலாமென்று விசாரித்தால், 2019 பிப்ரவரி 1-க்கு முன்பே பெயரில் நிலம் இருந்திருக்க வேண்டும், வாரிசு முறையில் வந்தால்தான் விதிவிலக்கு என்றார்கள். முப்பத்தாறு வருஷம் லேட், அதில் இன்னும் இரண்டு வருஷம் லேட்! ஆனால் அந்த வருஷம் அத்தை தன் பெயரிலேயே கூட்டுறவு பாங்கில் பயிர்க்கடன் வாங்கினாள். வாழ்க்கையில் முதல் கடன். கடன் வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

தமிழக அரசு 2023-ல் நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்கப் பாதி விலை, ஐந்து லட்ச ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் கொண்டு வந்தது. 'நன்னிலம்' என்று பெயர். எங்கள் ஜில்லா ஊர்ப் பெயர் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். பெண்கள் பெயரில் பத்து லட்சம் வரை சொத்துப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் இன்னொன்று. நடவு அம்மாள் இதை எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொண்டு, மகளுக்காகப் பக்கத்து அரை ஏக்கருக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். 2026-ஐப் பெண் விவசாயிகள் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது என்று அத்தையிடம் சொன்னேன். "அப்படியா? மழை பெய்யுமா?" என்றாள்.

பட்டா கைக்கு வந்த வாரமே அத்தை இருபது தென்னங்கன்று வாங்கி வைத்தாள். எழுபத்தொரு வயதில்! இடையில் வாழையும், ஓரத்தில் கிளுவையும். தினம் குடத்தில் தண்ணீர்.

போன தடவை போயிருந்தபோது பார்த்தேன், இரண்டு மரம் பாளை விட்டிருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அத்தே, அடுத்த கோடைக்கு இளநீர்தான்!" என்றேன், பழைய உரிமையில்.

அத்தை அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வெட்டறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு வெட்டு. ஆமா."